ஃபார்மிக் அமிலம்: மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில்

ஃபார்மிக் அமிலம் கார்பாக்சிலிக் அமிலங்களில் மிக எளியது. ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் ஆன கரிமச் சேர்மம். நிறமற்ற திரவம், நெடி மூக்கைத் துளைக்கும். தோல் பதனிடுதல், சாயமேற்றுதல், கால்நடைத் தீவனம் கெடாமல் காத்தல் எனப் பல தொழில்களில் பயன்படுகிறது. மலாக்காத் தோட்டத் தமிழர்கள் இதை ரப்பர் மரப்பாலை உறைய வைக்கும் ஆசிட்டாக அறிவார்கள்.

வரலாறு

எறும்புகளை வாலையில் வடித்து இந்த அமிலம் பெறப்பட்டதை 1671இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே எழுதினார். 1855இல் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோ கார்பன் மோனாக்சைடிலிருந்து அதை உருவாக்கினார். தொழிற்சாலை உற்பத்திக்கு வழி பிறந்தது.

இந்த அமிலத்தின் மலாக்காக் கதை ரப்பரோடு தொடங்குகிறது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொழிலதிபர் டான் சே யான் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் தொடக்ககால வணிக ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருக, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினர். மரப்பாலை உறைய வைப்பதில் முதலில் பரவியது அசிட்டிக் அமிலம். இலங்கைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஜான் பார்க்கின் 1899இல் அதைப் பரிந்துரைத்திருந்தார். பின்னாளில் மலிவாகக் கிடைத்த ஃபார்மிக் அமிலம், குறைந்த அளவிலேயே வேலை செய்ததால் அந்த இடத்தைப் பிடித்தது.

செயல்படும் விதம்

மரப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அதன் நுண்துகள்களைப் புரதப் படலம் போர்த்தியிருக்கிறது. படலத்தின் எதிர்மின்னூட்டம் துகள்களை ஒட்டவிடாமல் விலக்கி வைக்கிறது. அமிலம் சேர்ந்ததும் மின்னூட்டம் குன்றி, துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகின்றன. அமிலமே சேர்க்காவிட்டாலும் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) தங்கும் பால் சில மணி நேரத்தில் நுண்ணுயிர்களால் புளித்து உறையும். அதுவே கட்டிப்பால்.

தோட்டத்து வேலை

பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து விடியுமுன் மரம் வெட்டியவர்கள், பாலைக் காண்டா (தோள்தடி) வாளிகளில் ஸ்டோருக்கு, அதாவது பாலைப் பதப்படுத்தும் கொட்டகைக்கு, சுமந்து வருவார்கள். அங்கே பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து தொட்டியில் ஊற்றுவார்கள். 85 முதல் 90 விழுக்காடு செறிவில் வரும் அமிலத்தைத் தண்ணீரில் வெகுவாக நீர்க்கச் செய்து பாலில் கலப்பார்கள். மேலே திரளும் நுரையை உடனே வழித்தெடுக்க வேண்டும். விட்டால் ரப்பர் ஷீட்டில் (தகட்டில்) குமிழி விழுந்து தரம் இறங்கும். பிறகு அலுமினியத் தகடுகளைச் செருகி உறைய விடுவார்கள். அமிலம் குறைந்தால் பால் முழுதும் உறையாது. கூடினால் கட்டி விறைத்து உருளையில் அழுத்தக் கடினமாகும். உறைந்த கட்டி உருளைகளில் மெலிந்து ஷீட்டாகி, புகைக்கூடத்தில் நாட்கணக்கில் காயும். புகையிலுள்ள ஃபீனால்கள் பூசணம் பிடிக்காமல் காக்கும்.

செறிந்த அமிலம் தோலைப் பொசுக்கும். ஆவி கண்ணையும் தொண்டையையும் வருத்தும். கையுறையும் கண்காப்பும் கட்டாயம். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

இன்று

1965இல் தொடங்கிய மலேசியத் தரநிலை ரப்பர்த் திட்டம் கட்டி ரப்பருக்கு வழிவகுத்தது; ஷீட் தயாரிப்பு சுருங்கியது. மலாக்காவில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் மலாயா ரப்பர் உலகச் சந்தையில் பெற்ற பெயருக்கு, நாள்தோறும் மாறும் பாலின் தன்மை அறிந்து ஆசிட்டை அளந்து ஊற்றிய ஸ்டோர் தொழிலாளர்களின் கைத்திறனும் காரணம். ரப்பரின் வேதியியல் வரலாற்றில் அவர்களுக்கும் உரிய இடம் உண்டு.