அமெரிக்காவில் வெட்டிய ஆங்கிலேய மரை

டெப் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிவாசல் ஹவ்ழடியில் இருக்கும் தண்ணீர் டெப்தான் ஞாபகம் வரும். நாம் சொல்ல வருவது அதுவல்ல. கராஜில் இரும்புத் துளைக்குள் மரை வெட்டுகிறார்களே, அந்த டெப். ஓ.எல். முடித்துவிட்டு லேத் வேலை பழகப் போகும் நம் பிள்ளைகளும் இதை வாசிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒன்றின் போல்ட் மற்றதன் நட்டுக்குள் போகாது. ஜோசப் விட்வர்த் பல பட்டறைகளின் போல்ட்களைச் சேகரித்து அளந்து, 1841 இல் 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரையை முன்வைத்தார். 1864 இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொன்றைச் சொன்னார்: 60 பாகை, முனை தட்டை. செய்வதற்கு அது இலகு. அமெரிக்கா அதன் பின்னால் போனது.

ஐந்து பாகைதானே என்று நினைக்க வேண்டாம். 1940 இல், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, ரோல்ஸ் ரொய்ஸின் மெர்லின் விமான எஞ்சினைச் செய்யும் வேலை அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் இருந்த பெக்கார்ட் கம்பனிக்குப் போனது. எஞ்சின் முழுக்க ஆங்கிலேய மரை. அதற்குரிய டெப் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. நம்ம ஊர் பாஸ்மார் சிலர் என்றால், "இருக்கிறதைப் போட்டு வெட்டுடா தம்பி" என்றிருப்பார்கள்! பெக்கார்ட் அந்த டெப்களையும் டைகளையும் தானே செய்துகொண்டது. இங்கிலாந்தில் செய்த பாகம் அமெரிக்க எஞ்சினிலும் பொருந்த வேண்டும், விமானத் தளத்து மெக்கானிக்கின் கையில் இருக்கும் ஸ்பெனரே போதுமாக இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. 1941 இல் முதல் எஞ்சின்கள் வெளிவந்தன. மொத்தமாக 55,000க்கும் மேல் செய்தார்கள்.

1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டன. இன்றைய மெட்ரிக் மரையும் 60 தான்.

ஆனால் பழைய ஆங்கிலேய மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. அரை அங்குல போல்ட்டில் விட்வர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கனுக்கு 13. மாறிப் போட்டால் உடனே இறுகி நின்று காட்டிக் கொடுத்துவிடும். 3/8 அங்குலம்தான் பொல்லாதது. இரண்டிலும் 16. கையால் திருகினால் உள்ளே போகும். கோணம் வேறு என்பதால் மரை முழுதாகப் பதியாது, பாரம் ஏறும்போது கழன்றுவிடும். டெப்பை எடுக்க முன் மரை கேஜை வைத்துப் பாருங்கள்.

நம் வீட்டுத் தண்ணீர்ப் பைப்பில் இன்றும் இருப்பது விட்வர்த்தின் 55 பாகைதான். அதன் பெயர் பீ.எஸ்.பீ. அமெரிக்க என்.பீ.டீ. சாமானும் அரை அங்குலத்தில் அதே 14 மரை, ஆனால் 60 பாகை. கடையில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். மாறிப் போனால் எத்தனை டேப் சுற்றினாலும் ஒழுகும்.