மேற்கோள் குறியும் கூற்றின் எல்லையும்

16ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சு நூல்களில் இரட்டைக் காற்புள்ளி பக்க ஓரத்தில் நின்று, கருதத்தக்க வரிகளையே சுட்டியது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் மேற்கோள் குறிகள் இல்லை. உரையாடலை அக்குறிகளுக்குள் அடக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டுப் புதினங்களில் பரவியது.

பிற்கால விவிலிய மொழிபெயர்ப்பாளர் இவ்வழக்கத்தை மேற்கொண்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. யோவான் நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவின் கூற்று எங்கு முடிகிறது? பண்டைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அதைக் காட்டும் குறி இல்லை. 1946இல் வெளிவந்த ‘ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட்’ புதிய ஏற்பாடு 15ஆம் வசனத்தோடு குறியை மூடியது; 1989இல் வந்த அதன் புதிய திருத்தம் 21ஆம் வசனத்தில் மூடியது. ஆகவே புகழ்பெற்ற 16ஆம் வசனம் முன்னதில் நற்செய்தியாளர் கூற்று. பின்னதில் இயேசுவின் கூற்று.

தமிழில் ‘என்று’ இட்டு முடிப்போருக்கும் இதே பொறுப்பு உண்டு. மேற்கோளை மூடுமிடத்தைத் தேர்தல் எழுத்துமுறை மட்டுமன்று, பொருள்கோளும் ஆகும்.