கழட்ட முதல் ஒரு கட்டளை

யுனிக்ஸில் ஹார்ட் டிஸ்க்கை ‘மவுண்ட்’ பண்ணுறதெண்டு நாங்கள் சொல்கிற வேலை ஒரு காலத்தில் உண்மையிலேயே கைவேலை. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை வளர்த்த 1970களில், டிஸ்க் சாப்பாட்டுக் கோப்பையை விட அகலமான ஒரு பெட்டி. தூக்கிக்கொண்டுபோய் அலுமாரி மாதிரியான இயந்திரத்துக்குள் பொருத்த வேண்டும். ஆர்கே05 என்ற பெட்டியில் கொள்ளுவது ஏறத்தாழ 2.5 மெகாபைட். இப்ப போனில எடுக்கிற ஒரு படமே அதைவிடப் பெரிசு!

பொருத்தினால் போதாது, கணினிக்கும் சொல்ல வேண்டும். 1971 நவம்பரில் வந்த முதலாவது யுனிக்ஸ் கையேட்டிலேயே அதற்கான ‘மவுண்ட்’ கட்டளை இருக்கிறது. விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சி, டி, ஈ என்று தனி எழுத்து. யுனிக்ஸில் எல்லாமே ஒரே மரம். புது டிஸ்க்கை ஒரு கோப்புறையில் ஒட்டுக்கட்டுகிறோம், அவ்வளவுதான். அந்தக் கோப்புறைக்குள் முதலே ஏதும் இருந்தால் டிஸ்க் கழரும்வரை அது மறைந்திருக்கும். அழியாது. லினக்ஸுக்குப் புதிசா வந்த ஆக்கள் பயப்படுகிற இடம் இது.

கழட்டுற கட்டளை ‘யுமவுண்ட்’. ‘அன்மவுண்ட்’ இல்லை. நடுவில் ஒரு எழுத்தை விழுங்கின அந்தச் சொல்லைத்தான் இன்றைக்கும் தட்டச்சு செய்கிறோம். எங்களுக்கு மவுண்டை விட முக்கியமானது இதுதான். நாங்கள் கொப்பி பண்ணுகிற கோப்பு உடனே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. கொஞ்ச நேரம் நினைவகத்தில் நிற்கும். யுமவுண்ட் மிச்சத்தை எழுதி முடித்த பிறகே டிஸ்க்கை விடுவிக்கும். அதற்கு முதல் வயரை இழுத்தால், திரையில் முழுசாத் தெரிந்த கோப்பு டிஸ்க்கில் அரைகுறையாக இருக்கும்.

பண்டத்தரிப்பில் இது சின்ன விசயமில்லை. 1820இல் மருத்துவர் ஜோன் ஸ்கடர் அமெரிக்க மிஷனுக்காக வந்து தங்கின ஊர் இது. பழைய மலர்களும் கடிதங்களும் இன்னும் வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. பலதுக்கு வேறு பிரதி இல்லை. பிரதி இல்லாட்டில் என்ன நடக்கும் எண்டதுக்கு 1981 ஜூனில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்கள், போதும். 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் மாதிரி எங்களால் பெரிசாச் செய்ய ஏலாது. படம் எடுத்து, இரண்டு டிஸ்க்கில் போட்டு, வேறவேற வீடுகளில் வைக்கிறோம். யுமவுண்ட் முடிந்து அடுத்த வரி வரும்வரை ஒருவரும் வயரைத் தொடுறேல்லை.