கல்வெட்டில் ஏறாத சிறுவாடு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே நடக்கின்றனர். சற்றே குனிந்து, அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகளைப் படிக்க முனைந்தால் அங்கே கணக்கர்களின் தஞ்சாவூர் ஒன்று விரியும். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவைப் பிராட்டியாரும் கோயிலுக்களித்த காசுகள் காவிரிப் படுகையின் ஊர்ச்சபைகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டன. பெற்றுக்கொண்ட சபையார் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்த வேண்டும். பொலிசை என்பது வட்டி. இன்றைய வழக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகச் செலுத்துவோருக்குக் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி. முதல் கரையக் கூடாது, பொலிசை மட்டுமே செலவாக வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. திருமஞ்சன நீரில் இடும் ஏலவரிசிக்கும் சண்பக மொட்டுக்கும்கூடத் தனித்தனியே முதல் ஒதுக்கி, அதன் பொலிசையைக் கொண்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் என்பதும் இதே அறிவின் மற்றொரு வடிவம்தான். ஆடுகள் சாகும், குட்டிகள் பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது.

இந்தக் கல்வெட்டுகளை வாசிக்கும்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. முதலைத் தொடாமல் வரவைக் கொண்டு வாழும் இந்த நுட்பத்தைக் கோயில் பண்டாரம் தானாகக் கண்டுபிடித்திருக்குமா? கோயிலைச் சுற்றியிருந்த வீடுகளில், விதைநெல்லைத் தொடாமல் ஐப்பசியையும் கார்த்திகையையும் கடத்திய அடுக்களைகளிலிருந்து அது மேலே ஏறியிருக்கக் கூடாதா? இதற்குச் சான்று காட்ட நம்மால் இயலாது. குந்தவை அரசகுலத்தவள் ஆதலால் அவள் இட்டுவைத்த முதல் கல்லில் ஏறியது. மற்றப் பெண்களின் முதல் கடுகு டப்பாவில் இருந்தது.

சிறுவாடு என்ற சொல்லை வாசகர்கள் அறிவர். வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்துக் கணவனுக்கோ மாமியாருக்கோ தெரியாமல் பெண் சேர்க்கும் பணம். முந்தானை முடிச்சு, அஞ்சறைப்பெட்டியின் அடித்தட்டு, அடுக்குப்பானையின் மூன்றாவது பானை என்பன அதன் இருப்பிடங்கள். தி. ஜானகிராமனையும் கு.ப.ரா.வையும் எம்.வி. வெங்கட்ராமையும் படித்துப் பழகியவர்களுக்குக் கும்பகோணத்து அடுக்களையின் வெளிச்சமும் இருட்டும் கொஞ்சமேனும் பழக்கமாகியிருக்கும். வரலாற்று நூல்களில் அதற்கு அந்த இடம்கூடக் கிடைக்கவில்லை.

நெல் நாட்டில் சிக்கனம் என்பது ரூபாயைப் பற்றியதாக இருக்கவில்லை. வரவு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் வந்தது. குறுவை அறுத்தால் கொஞ்சம், தை மாதத்துச் சம்பாவில் பெரும்பங்கு. 12 மரக்கால் ஒரு கலம்; இத்தனை கலம் பத்தாயத்தில் ஏறியது என்று தெரிந்துவிட்டால் அடுத்த தை வரை அதை நீட்டுவதுதான் குடும்பக்கலை. குதிரில் இருப்பது சாப்பாட்டுக்கு. வைக்கோல் பிரி சுற்றிக் கட்டிய விதைக்கோட்டை உயிரே போனாலும் தொடக் கூடாதது. மாதச் சம்பளக்காரர் முப்பது நாள் கணக்குப் போட்டால் போதும். இவர்கள் ஓராண்டுக் கணக்கை, அதுவும் மழையையும் ஆற்றையும் நம்பி, மனத்திலேயே போட்டார்கள். திண்ணைப் பள்ளியில் முந்திரி, காணி, மா என்று முந்நூற்று இருபதில் ஒரு பங்கிலிருந்து வாய்பாடு ஒப்பித்தவர்கள் ஆண்பிள்ளைகள். அந்தப் பின்னங்களை நாள்தோறும் கையால் அளந்தவர்களோ பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பாராத பெண்கள்.

ஒரு நெல்மணி வீட்டுக்குள் வந்தபின் என்னவாயிற்று என்பதைத் தொடர்ந்து பார்த்தாலே போதும். அவித்துக் காயவைத்துக் குத்தினால் அரிசி. உமி அடுப்புக்குப் போயிற்று. பாத்திரம் துலக்கவும், சுட்டுக் கரியாக்கிப் பல் துலக்கவும் ஆயிற்று. தவிடு மாட்டுக்கு. நொய் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும். அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டிக்கு, அங்கிருந்து மறுபடி மாட்டுக்கு. வடித்த கஞ்சி பாதி குடிக்க, பாதி வேட்டிக்கு. இரவு மீந்த சோற்றில் நீரூற்றினால் காலையில் பழையது, அந்த நீரே நீராகாரம். வைக்கோலைத் தின்ற மாடு தந்த சாணம் வறட்டியாகி, அதே அரிசியை வேகவைக்கத் திரும்பி வந்தது. எறிவதற்கு என்று ஒன்றும் மிஞ்சாத இந்தச் சுற்றைச் ‘சிக்கனம்’ என்ற சொல்லால் அவர்கள் அழைத்திருப்பார்களா என்பதே சந்தேகம். வீடு நடத்துவது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிடி அரிசி என்றொரு பழக்கமும் இருந்தது. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப்பானையில் போடுவது. ஒரு பிடி குறைந்ததை உண்பவர் யாரும் உணர மாட்டார். மாதக் கடைசியில் பானை கனத்திருக்கும். அது தருமத்துக்கும் போகும், ஆபத்துக்கும் உதவும். இது நம் மண்ணுக்கு மட்டுமே உரியதென்று பெருமை கொள்ள வேண்டியதில்லை. இந்தியாவின் மறுகோடியில், மிசோரத்துக் கிறித்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துத் தங்கள் திருச்சபையை வளர்த்துவருகிறார்கள். ‘புஃபாய் தாம்’ என்பது அவர்கள் வழங்கும் பெயர். அங்கே அந்தப் பிடிகளுக்கு முறையான கணக்கும் வரலாறும் இருக்கின்றன என்பதே வேறுபாடு.

ஏன் ஒளித்துச் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். சட்டப் புத்தகம் பதில் சொல்லும். கூட்டுக் குடும்பச் சொத்தில் இந்து விதவைக்குக் கணவனின் பங்கில் வாழ்நாள் உரிமை கிடைத்ததே 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அந்தச் சட்டமும் விளைநிலத்துக்குச் செல்லாது என்று 1941-ல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. வயலைத் தவிரச் சொத்தென்று பெரிதாக ஏதுமில்லாத தஞ்சைக் குடும்பங்களில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணம் 1947-ல் தனிச் சட்டம் இயற்றிய பிறகே வயலிலும் அவளுக்கு அந்த வரையறுக்கப்பட்ட உரிமை வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்று தமிழ்நாடு சட்டம் ஏற்றது 1989-ல். அதுவரை ஒரு பெண் தன்னுடையது என்று ஐயமின்றிச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே: உடம்பில் கிடந்த நகை, பெயர் பொறித்த பித்தளைப் பாத்திரம், சிறுவாடு. மொய்ப்பணம் நோட்டில் ஏறும், கடன் பத்திரத்தில் ஏறும். சிறுவாடு எதிலும் ஏறக் கூடாது. ஏறினால் அது அவளுடையதாக இராது.

இந்த இடத்தில் நாம் ஒன்றை மறைத்துவிட்டு மேலே செல்வது நியாயமன்று. இதுவரை சொன்னவையெல்லாம் குதிர் இருந்த வீடுகளின் கதை. பண்ணையாளின் குடிசையில் குதிரில்லை. கூலி நெல்லாக, அன்றன்றைக்கு அளக்கப்பட்டது. அன்றே குத்திப் பொங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் வேலை நின்றால் அடுத்த அறுப்பின் கூலியை அடகுவைத்துக் கடன். 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், 1981-ல் வெளியிட்ட தென்கிழக்கு இந்தியக் கிராம சமுதாயம் பற்றிய நூலில் இந்தக் கூலிக் கணக்குகளை விரிவாகவே எழுதியிருக்கிறார். அக்கிரகாரத்துப் பாட்டியின் சிக்கனத்தைப் போற்றும் கட்டுரைகள் ஏராளம் வந்துள்ளன. சேரியில் அரைப்படியைச் சேமிக்க முடியாதவளின் கணக்குத் திறமை அவற்றில் ஒரு வரி பெறுவதில்லை. 1940-களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய இயக்கமும், 1952-ல் வந்த தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் இந்தக் கணக்கைத்தான் மாற்ற முனைந்தன. அந்தச் சட்டம் குத்தகையாளருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு என்றது. அதுவே அன்று முன்னேற்றம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டதன் பின்னணியில் கூலி நெல்லில் அரைப்படி உயர்வுக்கான போராட்டம் இருந்தது. நெல் நாட்டில் அரைப்படியின் எடை அவ்வளவு.

பணப் பொருளாதாரம் வந்தபின் சேமிப்பு வீட்டை விட்டு வெளியே வந்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-ல் நாடெங்கும் திறக்கப்பட்டது. நம் மாகாணத்தில் அதற்கு முன்பே நிதிகள் முளைத்திருந்தன. 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் நிதி இன்றும் அறியப்படும் ஒன்று. மாதந்தோறும் சிறுதொகை கட்டுவோர் சேர்ந்து, தமக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கும் இந்த அமைப்புகளை, வேளாண் வங்கிகள் பற்றி 1895-லும் 1897-லும் அறிக்கை தந்த ஃப்ரெடரிக் நிக்கல்சன் விரிவாக ஆராய்ந்தார். அந்த அறிக்கையின் வழியே 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே 1904 அக்டோபர் 31 அன்று கும்பகோணம் வங்கி பதிவாயிற்று. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுவே. இரண்டே ஆண்டில், 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் நொடித்து, அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அதன் எதிரொலியாக இந்தியன் வங்கியைத் தொடங்க முன்னின்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் திருவிடைமருதூரில் பிறந்தவர். சிறுவாடு போகும் வழி இதைவிடச் சிறியது. கரையான் அரிக்கும், மகன் எடுத்துச் செலவழிப்பான். ஆனால் நிறுவனம் நொடித்து அது போனதில்லை. அதன் பெரிய விபத்து 2016 நவம்பர் 8 இரவு நேர்ந்தது. 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென்று ஆனதும், ஒளித்து வைத்தவர்கள் தம் கையாலேயே அவற்றை வெளியே எடுத்து, யாரிடம் மறைத்தார்களோ அவர்களிடமே மாற்றித் தரச் சொல்லிக் கொடுக்க நேர்ந்தது. இரண்டரை லட்சம் வரை இல்லத்தரசிகளிடம் கேள்வி கேட்க மாட்டோம் என்றது அரசு. வீட்டில் கேள்வி கேட்டவர்களைப் பற்றி அரசாணை எதுவுமில்லை.

இந்த எழுதாக் கணக்கு, விதிவிலக்காக, ஒரு வீட்டில் மட்டும் கிட்டத்தட்ட முழுமையாக எழுத்தில் ஏறியிருக்கிறது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீடு இன்று சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் நினைவில்லமாக இருக்கிறது. தந்தை குப்புசாமி சீனிவாச ஐயங்கார் துணிக்கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி ஐந்தோ பத்தோ ஈட்டினார். கல்லூரி மாணவர்களைச் சாப்பாட்டோடு வீட்டில் தங்கவைத்து ஆளுக்குப் பத்து ரூபாய் போல வாங்கினார். அதாவது அடுக்களைதான் அந்த வீட்டின் இரண்டாவது சம்பளம். மகன் சீனிவாச ராமானுஜன் கணித மேதையாகி, உலகம் அவர் வாழ்வைத் துருவியதால்தான் நமக்கு இந்த ரூபாய்க் கணக்கு கிடைத்தது. அப்படித் தங்கியிருந்த மாணவர்களின் பாடத்தைக் கேட்டே பதினோரு வயதுப் பிள்ளை அவர்கள் அறிந்த கணிதத்தைத் தீர்த்துவிட்டான் என்கிறார்கள். தாயார் ஒரு வேளைச் சோற்றில் கண்ட இலாபம் எதுவரை சென்றது என்பதை எந்தப் பொலிசைக் கணக்கும் சொல்லாது.

1904-ல் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறி அதை இழந்தார். பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம். எவ்வளவு நொய்க்கஞ்சி வைத்தாலும் அந்த இடைவெளியை மூட முடியாது. சிக்கனத்தின் எல்லை எது என்று கேட்பவர்களுக்கு இந்த 32 ரூபாயைக் காட்டலாம் என்று நமக்குத் தோன்றும். மறு ஆண்டு அவர் வீட்டை விட்டே ஓடினார். பின்னாளில் தாள் வாங்க வழியின்றிச் சிலேட்டில் கணக்கெழுதி முழங்கையால் அழித்ததும், எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையால் மீண்டும் எழுதியதும் பலரும் அறிந்தவை. மாதத்துக்கு நான்கு ரீம் தாள் வேண்டியிருக்கும், சாப்பாட்டுக்கே திண்டாட்டமாக இருக்கையில் அதற்கு எங்கே போவது என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம். 1913-ல் பல்கலைக்கழகம் தந்த 75.

1919 ஜனவரி 11 அன்று, நோயுற்ற நிலையில் இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அது தம் தேவைக்கு மிகுதி என்றார் அவர். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குச் செல்லட்டும். தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தலாம் என்பது அவர் கோரிக்கை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார். மனைவி ஜானகி அம்மாள் தையல் கற்றுக்கொண்டு, 1931-ல் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்து, பல்கலைக்கழக ஓய்வூதியமும் தைத்துக் கிடைத்த கூலியுமாக 1994 வரை வாழ்ந்தார்.