இந்தியாவில் தண்டனைப் பேரம்

குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் முறையே தண்டனைப் பேரம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் பிராடி வழக்கில் இதை ஏற்றது. இந்திய உச்ச நீதிமன்றமோ 1980இல் காசம்பாய் வழக்கில் இதைக் கண்டித்தது. நிரபராதியும் நெருக்கடிக்குப் பணிந்து குற்றத்தை ஏற்க நேரும் என அஞ்சியது.

விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடிய நிலையில், சட்ட ஆணையம் 1991இல் தன் 142ஆவது அறிக்கையில் இம்முறையைப் பரிந்துரைத்தது. அதற்கான சட்டத் திருத்தம் 2006 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழாண்டுக்கு மேல் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களும், பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களும் விலக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவரின் மனு தன்விருப்பப்படி அளிக்கப்பட்டதா என்பதை நீதிபதி தனியாக விசாரித்து உறுதிசெய்வார். பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடும் பேச்சுவார்த்தையில் முடிவாகும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இம்முறையைத் தொடர்கிறது. குற்றச்சாட்டு வனையப்பட்ட 30 நாளுக்குள் மனு அளிக்க வேண்டும்.