வெப்ஸ்டர் வாத்தியாரின் நீல அட்டைப் புத்தகம்



நேற்று பேத்தி ‘ஃபோட்டோகிராஃபி’ என்ற சொல்லை, ‘ஃபோட்டோகிராஃப்’ போலவே முதல் அசையை அழுத்திப் படித்தாள். திருத்த உட்கார்ந்தபோது ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது.

1740-ல் லண்டனில் தாமஸ் டில்வொர்த் என்ற ஆசிரியர் ஓர் ஆங்கில வாசிப்புப் புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கப் பள்ளிகளிலும் அதுதான் பாடம். அதில் ‘கிளஸ்டர்’ என்ற சொல் ‘கிளூ-ஸ்டர்’ என்று படிக்கும்படி பிரிந்து நின்றது. ‘நாஸ்ட்ரில்’, ‘நோ-ஸ்ட்ரில்’ ஆனது. ‘நேஷன்’ என்பதன் கடைசி ‘ஷன்’ இரண்டு அசையாக எண்ணப்பட்டது. கண் படித்தது ஒன்று, வாய் பேசுவது வேறு. குழந்தை என்ன செய்யும்?

நோவா வெப்ஸ்டரும் பள்ளி ஆசிரியர்தான். 1783-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், காதில் விழுகிறபடியே பிரித்தார்: கிளஸ்-டர், நாஸ்-ட்ரில், நே-ஷன். சொற்களை அசை எண்ணிக்கைப்படியும் அழுத்தம் விழும் இடப்படியும் பட்டியலிட்டார்.

இதன் பலனைப் பாருங்கள். ‘எஜுகேட்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஷன்’ சேர்ந்து ‘எஜுகேஷன்’ ஆனதும் அழுத்தம் ‘கே’க்கு நகர்ந்துவிடுகிறது. ‘ஷன்’ வந்தால் அதற்கு முந்தைய அசைதான் ஓங்கும். ஒரே வகைச் சொற்களை வரிசையாகப் படித்தால் விதி தானாகப் பதியும்.

காதை மட்டும் நம்பினால் வேர் மறையும் என்பதும் உண்மை. ‘நாலெட்ஜ்’ என்பதை அமெரிக்கர்கள் ‘நால்-எட்ஜ்’ என்று பிரிப்பார்கள். பிரிட்டனிலோ, ‘அறி’ என்று பொருள்படும் ‘நோ’ முழுதாகத் தெரியும்படி பிரிக்கும் வழக்கம் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அடிமையாகப் பிறந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், அதில் இருந்த சாய்வெழுத்துகளைப் பார்த்து எழுதி எழுதிப் பழகினார். அடிமையாகவே பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் கையில் கிடைத்த முதல் புத்தகமும் அதுவே. அவர் அம்மா எங்கிருந்தோ தேடிக் கொடுத்தது. சொல்லித்தர ஆளில்லாமல், அதை வைத்தே எழுத்துகளைக் கற்றார்.

நான் என்ன செய்தேன்? நீண்ட சொல்லில் தடுக்கியவர்களைப் பத்து முறை இம்போசிஷன் எழுத வைத்தேன். சொல்லை உடைத்துக் காட்டியிருக்க வேண்டும். அன்று எழுதிக் கை வலித்தவர்கள் இதைப் படித்தால் மன்னியுங்கள்.

பேத்தியிடம் ‘ஃப-டா-க்ர-ஃபி’ என்று நான்கு முறை கை தட்டச் சொன்னேன், இரண்டாவது தட்டு மட்டும் பலமாக. உடனே பிடித்துக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் திணறினால், திட்டுவதற்கு முன் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்.