கல்வெட்டில் ஏறாத சரித்திரம்



"ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியின் வரலாறு பற்றி மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க சார், நீங்கதான் அந்தப் பக்கமே இருக்கீங்க" என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நமது கல்லூரியில் 1976 முதல் 1979 வரை வரலாறு படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போனவன் நான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கிளையில் எட்டு வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர்கள் கற்றுத்தந்த வரலாறு ஒன்று, கவுண்ட்டரில் காது கொடுத்துக் கேட்டது இன்னொன்று. இரண்டையும் கலந்துதான் எனக்கு எழுத வரும்.

தேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது 1998. செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை 2000. நோக்கியா கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 ஜனவரி. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010, டெய்ம்லர் 2012, ராயல் என்ஃபீல்டு 2013. சிப்காட் நிலம் எடுத்துக் கொடுத்தது; சென்னைத் துறைமுகமும் பெங்களூரு நெடுஞ்சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தேர்வுக்கு இது போதும். திறப்பு விழாக் கல்வெட்டுகளிலும் இவ்வளவுதான் இருக்கும். அந்தக் கட்டடத்தில் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர் பெயர் அதில் இருக்காது. இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அதை அளந்து, சுமார் 2,000 கிராமங்களுக்குக் கணக்கெடுத்தார். தரம்பால் போன்றவர்கள் பின்னாளில் அந்த ஆவணங்களைத் தேடிப்பிடித்து நமக்குக் காட்டினார்கள். ஓர் ஊரில் எத்தனை வீடு, அதில் நெசவு செய்கிறவர் வீடு எத்தனை, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை என்று எல்லாம் அதில் உண்டு. அபாரமான வேலை, குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் அந்த நெசவாளி வீட்டில் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. அன்றைய கம்பெனி வீடுகளை எண்ணியது. இன்றைய கம்பெனிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலீடு இத்தனை கோடி, வேலைவாய்ப்பு இத்தனை ஆயிரம் என்று எண்ணுகிறார்கள்.

எண்ணிக்கை சொல்லாத ஒன்றை, நான் கேட்டதிலிருந்து சொல்கிறேன். 2008 வாக்கில் ஒரு பெண் கவுண்ட்டருக்கு வந்தார். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை. சம்பளக் கணக்கு எங்கள் கிளையில்தான். மாசா மாசம் ஊருக்குப் பணம் அனுப்புவார். அன்று குரலைத் தாழ்த்தி, "சார், எங்கப்பாவுக்குத் தெரியாம ஒரு ஆர்.டி. போட முடியுமா?" என்றார். முடியும் என்றேன். "ஊர் அட்ரஸுக்கு எந்த லெட்டரும் போகக்கூடாது சார். பாஸ்புக்கை ரூம்லயே வச்சிக்கிறேன்." மாதம் ஐந்நூறு ரூபாய். காரணம் கேட்பது என் வேலையில்லை, கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து அவரே சொன்னார்: "தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் நான்தான் கட்டுறேன். அது முடிஞ்சதும் கல்யாணம்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள கரஸ்ல பி.காம். சேர்ந்துடணும் சார்."

அடுத்த மாதம் அவர் அறையிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். "அக்கா சொன்னாங்க" என்றார்கள். மூவருக்கும் ஊர் முகவரிக்குக் கடிதம் போகக்கூடாது.

வங்கிப் பேரேட்டில் இது நாலு தொடர் வைப்புக் கணக்கு, அவ்வளவுதான். பொருளாதாரம் படித்தவர் பார்த்தால் சேமிப்பு விகிதம் என்பார். சம்பாதிக்கிற பெண்ணின் சம்பளம் யாருக்குச் சொந்தம் என்ற ஒரு பெரிய வழக்கு அந்த அறையில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பது, அந்தப் பெண் வாய் திறந்து சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

நோக்கியா ஆலை மூடியது 2014 நவம்பர் 1-ம் தேதி. வருமான வரி வழக்கு, அதனால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சொத்தில் இந்த ஆலை சேராமல் போனது என்றெல்லாம் பத்திரிகைகள் விரிவாக எழுதின. சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ. போனவர்கள் எங்கே போனார்கள்? ஆலையின் கோப்புகள் ஆலையோடு போகும். ஆட்கள் திருமணமாகி, வேறு ஊர் சேர்ந்து, கைபேசி எண்ணை மாற்றிவிடுவார்கள். எட்டு வருஷம் பத்து மாதம் உற்பத்தி நடந்த ஓர் ஆலை, வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கதையாகிவிடுகிறது.

நல்ல காலமாக ஒருவர் உட்கார்ந்து கேட்டார். மதுமிதா தத்தா என்ற ஆய்வாளர், நோக்கியாவில் வேலை பார்த்த பெண்களோடு காஞ்சிபுரத்தில் அவர்களுடைய வாடகை அறையில் பேசிப் பதிவு செய்தார். அந்தப் பேச்சு முதலில் ஒலித்தொடராக வந்தது. பிறகு 2021-ல் 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்ற பெயரில் ஆங்கிலப் புத்தகமாகவும் வந்தது. 'கூட்டம்' என்ற தமிழ்ச் சொல்லைத் தலைப்பில் அப்படியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். வேலை, சம்பளம், காதல், கல்யாணம் என்று, தோழிகள் ராத்திரி பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பேசுகிற அதே பேச்சு. என் கணிப்பில் இந்தப் பகுதியைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் அதுவும் ஒன்று. அட்டையில் வரலாறு என்று போடவில்லை, அவ்வளவுதான். இதற்கு முன்பே புதுவைப் பக்கம் வீரம்மா என்ற விவசாயக் கூலிப் பெண்ணிடம் பாட்டுப் பதிவு செய்யப் போன ஜோசியன் ரசின், பத்தாண்டு அவர் பேச்சைக் கேட்டு ஒரு முழு வாழ்க்கையோடு திரும்பினார். 1995-ல் பிரெஞ்சிலும் 1997-ல் ஆங்கிலத்திலும் அது நூலானது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் செய்தியாளர்கள் அவர்களிடம் பேசினார்கள். தரையில் நெருக்கிப் படுப்பதும் சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் அப்போதுதான் அச்சில் வந்தன. அந்த அறைகளில் இது தினசரிப் பேச்சாக இருந்திருக்கும். அச்சேறுவதற்கு ரோடு மறியல் வேண்டியிருந்தது.

"ஜனங்க சொல்றதை எப்படி சார் நம்புறது? தேதி தப்பா சொல்லுவாங்களே" என்று வரலாற்று மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூரில் பெரியவர்களின் காலக்கணக்கே தனி. "ராஜீவ் செத்ததுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி", "செத்த மறு வருஷம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். 1991 மே 21 அன்று கூட்டத்தில் இருந்ததாக என்னிடம் சொன்ன அத்தனை பேரும் உண்மையிலேயே இருந்திருந்தால் அந்த மைதானம் கொண்டிருக்காது. ஒரு டீக்கடைப் பெரியவர் சொன்னார்: "அவரு செத்ததாலதான் சார் இந்த ஊர் பேரு வெளிநாட்டுக்காரனுக்கே தெரிஞ்சுது. அதான் கம்பெனிங்க வந்துச்சு." வரலாறு படித்த நான் அவருக்கு 1991 ஜூலைத் தொழிற்கொள்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் ஊரில் நடந்த ஒரு கொடுமைக்கு ஏதாவது ஒரு பலன் இருந்தாக வேண்டும் என்று முப்பது வருஷமாக ஓர் ஊர் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அது எந்தக் கொள்கை அறிக்கையிலும் கிடைக்காது.

இத்தாலியில் தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி இதையே பார்த்தார். 1949-ல் நேட்டோ எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி கொல்லப்பட்டார். ஆனால் தொழிலாளர் பலர் அதை 1953-ல், ஆலையில் ஆட்குறைப்பு நடந்த காலத்துக்கு நகர்த்திச் சொன்னார்கள். போர்தெல்லி அந்தத் தவறைத் திருத்திவிட்டு நகரவில்லை, ஏன் நகர்த்தினார்கள் என்று கேட்டார். அந்தக் கட்டுரையை நமது வரலாற்றுத் துறையில் பாடமாக வைக்கலாம் என்பது என் ஆசை.

சில சமயம் சாதாரண ஆள் சொல்வது எழுத்தில் உள்ளதைவிடச் சரியாகவும் இருக்கும். எங்கள் பக்கத்து நீர்க்கட்டி ஒருவர், ஏரி மதகைத் திறந்து மூடுகிற பரம்பரை, வழி சொன்னாலே பழைய நிலப் பெயரில்தான் சொல்வார். "அந்தக் கம்பெனி மூணாவது கேட் இருக்குல்ல, அது எங்க களத்துமேடு. அதுக்குக் கெழக்கால உபரித் தண்ணி ஓடுன கால்வா." 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதியில் பல ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அந்த வாரம் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று அவர் கையைக் காட்டினாரோ அந்தப் பக்கம்தான் வந்தது. வரைபடத்தோடு யாரும் அவரிடம் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கைபேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது, செலவில்லை. "தொழில்மயமாதல் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள், ஓடிவிடுவார்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க, நைட் ஷிப்ட்டில் தூக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரு என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள், கஷ்டம்தான். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள், பெயரை மாற்றுங்கள், நாளும் இடமும் குறித்து வையுங்கள். இப்போது விடுதிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். இந்தி தெரிந்த மாணவர் ஒருவர் கூடப் போனால் நல்லது.

முன்னாள் மாணவர்களில் இந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், சப்ளை செய்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள், நிலம் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். துறைத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தர ஒப்புக்கொண்டார். முதல் பதிவு முடிந்துவிட்டது: ஒரு கேன்டீனில் பதினோரு வருஷம் சாம்பார் வைத்த அம்மா. ஒரு மணி நாற்பது நிமிஷம். அதில் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கு அரிசி கழுவும்போது சக பெண்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது பற்றி. சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் போட்டுக் காட்டுகிறோம்.